ஆசிரியர் பயிற்சியும் சீசாவின் மூன்றாம் மாடியும்

நோர்வேயில் பேர்கன் நகரத்துப் பாலர் பள்ளி ஒன்றில் நான் உதவியாளராக வேலை செய்கிறேன். படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். பிள்ளைகளுக்கு மழைச்சட்டை போட்டுவிடுவதும், மூக்குத் துடைப்பதும், தமிழ்ப் பிள்ளை யாராவது அழுதால் தமிழில் ஆற்றுவதும் என் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போக ஐரோப்பியக் காசு கிடைத்தது. இரண்டு மொழி பேசும் பிள்ளைகளை வெளியிடங்களுக்குக் கூட்டிப்போய் எப்படிக் கற்பிப்பது என்பது தலைப்பு. தலைமை ஆசிரியை இங்கெர் பெயர்களை வாசித்தபோது என் பெயரும் இருந்தது. பிறகு ஊரின் பெயரை வாசித்தாள். பலெர்மோ.

பேர்கனுக்கு மகளிடம் வருவதற்கு முன், இத்தாலியின் சிசிலித் தீவில் இருபத்தொரு வருடம் நான் இருந்த ஊர் அது. அங்கே வீடுகள் துடைத்தேன், கிழவிகளைக் குளிப்பாட்டினேன், கணவரையும் அங்கேதான் எரித்தேன். என் தங்கை சரசு இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நாங்கள் கதைப்பதில்லை, பன்னிரண்டு வருடமாக. கணவரின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அவள் வரவில்லை. அவள் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்த ஊர்ப் பேச்சில் சிஞ்ஞோரா, தன் மொந்தெல்லோக் கடற்கரை வீட்டுக்கு வரச் சொன்னாளாம், இவள் போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் என்னென்ன கறி, யார் யார் வந்தார்கள், யார் அவியலுக்கு உப்பு காணாது என்றார்கள், எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே இங்கெரிடம் வருகிறேன் என்று சொன்னபோதே மனதுக்குள் ஒன்று முடிவு செய்துகொண்டேன். சரசு முதலில் வாய் திறந்தால் நானும் திறப்பேன். இல்லாவிட்டால் இல்லை.

ஒக்டோபர் முதல் ஞாயிறு காலை ஆறு பத்துக்கு விமானம். ஆம்ஸ்டர்டாமில் ஒரு மாறல், ரோமில் இன்னொன்று. பலெர்மோவில் இறங்கும்போது மாலை நாலரை, வெயில் இருபத்தைந்து பாகை. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். வாசலிலேயே பஸ் நிற்கும், ஆறரை யூரோ, ஐம்பது நிமிடம். வாடகைக் கார்க்காரர்கள் பெட்டியைப் பிடித்து இழுப்பார்கள், கொடுக்க வேண்டாம். ஒருவன் இழுத்தபோது நான் இத்தாலிய மொழியில், "தம்பி, நான் உன் அம்மாவின் வயது, பெட்டியை விடு" என்றேன். "சிஞ்ஞோரா, நீங்கள் பலெர்மோக்காரியா?" என்று கேட்டான். பெட்டியை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பள்ளியிலிருந்து வந்த மற்ற ஏழு பேரும் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து இருந்துவிட்டார்கள். இங்கெர் எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை. அதையும் மறக்கமாட்டேன்.

ஹோட்டல், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில். சுத்தமான அறை, தனி அறை, சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர். காலைச் சாப்பாடு இனிப்பு மட்டும், அதனால் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் ஏதாவது கையில் கொண்டு போங்கள். பயிற்சி காலை ஒன்பதரைக்கு, ஹோட்டலிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மண்டபத்தில். நடத்தியவள் ரொபேர்த்தா என்ற உள்ளூர்க்காரி. ஆங்கிலத்தில் நடத்துவாள். எனக்கு விளங்காத இடத்தில் இத்தாலிய மொழியில் கேட்பேன், அவளும் அதிலேயே பதில் சொல்வாள். அப்போது எங்கள் பள்ளி ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முதல் நாள் ஒவ்வொருவரும் ஏன் பலெர்மோ வந்தோம் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி வெயில் என்றாள், ஒருத்தி சாப்பாடு என்றாள். என் முறை வந்தபோது இங்கே இருபத்தொரு வருடம் இருந்தேன் என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். இடைவேளையில் வந்து, நல்ல ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். சொன்னேன். மாலையில் அங்கே போய்விட்டு வந்து மிகவும் நன்றாக இருந்தது என்றார்கள். என்னைக் கூப்பிட மறந்துபோனார்களாம்.

அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு எட்டரைக்கு இருந்தால் பதினொன்றுக்குத்தான் எழும்புவார்கள். நான் ஆறரைக்குச் சாப்பிடுகிறவள், வைன் குடிக்காதவள். அதனால் திங்கள் மாலையே தேயிலையும் மிக்சரும் வாங்க எங்கள் தமிழாட்களின் கடைக்குப் போனேன். பத்து நிமிட நடை. கடைக்கார ரவிக்குத் தலை நரைத்துவிட்டது, ஆனால் என்னைக் கண்டவுடன் அடையாளம் பிடித்துவிட்டான்.

"அக்கா, எப்ப வந்தனீங்கள்?"

"நேற்று. பள்ளிக்கூட அலுவலா வந்தனான்."

"சரசக்கா வீட்டையோ நிக்கிறியள்?"

"இல்லை. ஹோட்டல்லை."

ரவி தராசிலிருந்து கையை எடுத்தான். "ஹோட்டல்லையோ?"

"பள்ளிக்கூடம் எடுத்துத் தந்தது."

"ஓம் ஓம். பள்ளிக்கூடம் தந்தா எடுக்கத்தானே வேணும்," என்றவன், மிக்சரை ஒரு கைப்பிடி கூடப் போட்டான், ஏதோ செத்த வீட்டுக்காரிக்குப் போடுவது போல. எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். சொந்தக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால், அவர்கள் வாசலில் நின்று திட்டியதற்குச் சமம். அன்று இரவுக்குள் செய்தி சரசு இருக்கிற சீசாப் பகுதிக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை பிற்பகல் ஒரு பாலர் பள்ளியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அது சீசாவில்தான். பஸ் சீட்டு ஒரு யூரோ நாற்பது சதம், ஏறும் முன் வாங்க வேண்டும். கழுத்தில் பெயர் அட்டையும் நோர்வேக் கொடியும் தொங்க, நாங்கள் எட்டுப் பேரும் சுவரோரம் சின்னக் கதிரைகளில் இருந்தோம். பிள்ளைகளில் ஐந்தாறு பேர் எங்கள் பிள்ளைகள். வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி சிசிலிக்காரரின் இழுப்போடு இத்தாலி. நாலு மணிக்கு வீட்டாட்கள் கூட்டிப்போக வந்தார்கள். கதவால் ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தவள் சரசு.

அவள் என்னைக் கண்டாள், கண்டதாகக் காட்டவில்லை. பேத்தியிடம் குனிந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"நிலா, சப்பாத்தைப் போடு, கெதியா. இஞ்சை பெரிய ஆக்கள் வந்திருக்கினம். அவைக்கு இடைஞ்சலா நிக்காதை."

"அம்மம்மா, அந்த சிஞ்ஞோரா எங்கட ஆள்."

"எங்கட ஆக்கள் ஹோட்டல்லை நிக்கமாட்டினம்."

நானும் பிள்ளையைப் பார்த்தே சொன்னேன். "பிள்ளை, உங்கட அம்மம்மா ஏன் சாய்ஞ்சு நடக்கிறா எண்டு கேளுங்கோ. முழங்கால் நோவோ?"

"அம்மம்மா, ஜினோக்கியோ நோகுதோ?" என்று நிலா தன் முழங்காலைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள்.

"நோகுது எண்டு சொல்லு. எத்தினையோ வருசமா நோகுது, கூடப் பிறந்ததுகள் ஒரு நாள் ரெலிபோன் எடுத்துக் கேக்கேல்லை, இப்ப கொடியைக் கட்டிக்கொண்டு வந்து கேக்கினம் எண்டும் சொல்லு."

நிலா என்னைப் பார்த்தாள். "அம்மம்மா நிறையச் சொன்னவா," என்றாள். "நோகுதாம்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள் சரசு. அது யார் என்று இங்கெர் கேட்டாள். என் தங்கை என்றேன். "எவ்வளவு அருமை! இரவு எங்களோடு சாப்பிட வரச் சொல்லுங்களேன்," என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். ஆனாலும் கோபம் வந்தது.

வியாழன் பிற்பகல் ஓய்வு. எல்லாரும் கடலுக்குப் போனார்கள், மொந்தெல்லோவுக்கு. பொலிதேயாமாவிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம், மணல் வெள்ளையாக இருக்கும், நீங்கள் போகலாம். நான் போகவில்லை. அறையில் கட்டிலில் இருந்தேன். சன்னலுக்கு எதிரே இருந்த சுவரில் வெயில் ஏறி இறங்கியது. இந்த ஊரில் எந்தத் தெரு எங்கே திரும்பும், எந்த வீட்டில் எத்தனை சன்னல் துடைத்தேன் என்பதெல்லாம் தெரியும். ஆனால் போய்க் கதவைத் தட்ட ஒரு வீடு இல்லை. பேர்கனில் மழைக்குள் தனியாக இருப்பது வேறு. தெரிந்த ஊரில் தனியாக இருப்பது இதுதான் என்று அன்று கண்டேன். மகள் தொலைபேசியில் கேட்டாள், சித்தியைப் பார்த்தீர்களா என்று. பார்த்தேன் என்றேன். பொய் இல்லைத்தானே.

வெள்ளி பன்னிரண்டு மணிக்குச் சான்றிதழ் தந்தார்கள். மறுநாள் அதிகாலை நாலு மணிக்கு எல்லாருக்கும் ஒரே வாகனம். ஆகவே அந்த ஒரு மாலைதான் மிச்சம். ஐந்து மணிக்கு, பேர்கனிலிருந்து கொண்டுவந்து அலுமாரிக்குள் வைத்திருந்த பையை எடுத்தேன். மூன்று கிலோ கருவாடு, வயதுபோன மூட்டுக்கு நல்லது என்று நோர்வேக்காரர் குடிக்கிற மீனெண்ணெய் நாலு போத்தல். சரசு வீட்டுக்கு நடந்தே போனேன், இரண்டு கிலோமீற்றர், அரை மணித்தியாலம்.

மணியை அடித்தேன். யாரும் திறக்கவில்லை. பின்னால் நகர்ந்து தெருவில் நின்று பார்த்தபோது, மூன்றாம் மாடிப் பல்கனியில் நிலாவின் தலை தெரிந்தது. அதற்குப் பின்னால் காயப்போட்ட சேலை, சேலைக்குப் பின்னால் இரண்டு கால்கள்.

"அம்மம்மா கேக்கிறா, ஏன் வந்தனீங்களாம்?"

"சும்மா வந்தனான் எண்டு சொல்லுங்கோ."

"சாப்பிட்டாச்சோவாம்?"

"ஓம், சாப்பிட்டாச்சு."

சேலைக்குப் பின்னாலிருந்து, "பொய்," என்று கேட்டது. கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு நிலா, "கையிலை என்னவோ பை இருக்குதாம், அதைக் கூடைக்குள்ளை வைக்கட்டாம்," என்றாள்.

பலெர்மோவில் லிப்ட் இல்லாத வீட்டுப் பெண்கள் பல்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கிப் பாணும் பாலும் எடுப்பார்கள். சரசுவும் அதைப் பழகிவிட்டாள். கூடை ஆடி ஆடி என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பையை வைத்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே தொலைக்காட்சியில் ஏதோ சிறுவர் படம் தொடங்க, நிலா ஓடிவிட்டாள். கூடை முதலாம் மாடி வரை ஏறி, நின்றுவிட்டது. இழுக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. தெருவில் நான், மேலே அவள், நடுவில் கருவாடு. இனிச் சொல்லி அனுப்ப ஆள் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றும் யோசித்தேன்.

சேலை விலகியது. "அக்கா, பாரமாக் கிடக்கு," என்றாள் சரசு. "கல்லே கொண்டு வந்தனீ? எனக்கு இழுக்க ஏலாது. இறக்கிறன், எடுத்துக்கொண்டு மேலை வா."

கதவு திறந்தது. ஏறினேன்.

இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் வைத்திருந்தாள். நான் சாப்பிட, அவள் அடுப்பருகில் நின்றாள், இருக்கவில்லை. மொந்தெல்லோவைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காததால் விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை கழுவப் போகும்போது பக்கத்து அறையைக் கண்டேன். சன்னலோரக் கட்டிலில் மடிப்புக் கலையாத புது விரிப்பு, தலையணை, கால்மாட்டில் ஒரு துவாய்.

"அதிலை ஏறாதேங்கோ," என்றாள் பின்னால் வந்த நிலா. "லுனெதியிலை இருந்து அதிலை ஒருத்தரும் படுக்கக் கூடாதாம். அம்மம்மா என்னையும் விடேல்லை."

லுனெதி என்றால் திங்கள். நான் ரவியின் கடைக்குப் போன நாள்.

இரவு எட்டு மணிக்குப் போக எழும்பினேன். பெட்டி ஹோட்டலில், வாகனம் நாலு மணிக்கு. கதவடியில் சரசு கேட்டாள். "ஹோட்டல் கட்டில் நல்லமோ?"

"நல்லம்."

"நல்லமெண்டா அங்கையே போய்ப் படு," என்று சொல்லி, மிச்ச இடியப்பம் கட்டிய பொதியை என் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள். படியால் நான் இறங்கி முடியும்வரை பூட்டுப் போடும் சத்தம் கேட்கவில்லை.

இப்படிப் பயிற்சிக்குப் போகிற எங்கள் பெண்களுக்குச் சில விசயம். எட்டாம் வகுப்புப் படித்தவள் என்று பின்வாங்க வேண்டாம், பெயர் வந்தால் போங்கள், சான்றிதழ் எல்லாருக்கும் ஒரே அளவுதான். கல் பாவிய தெருக்கள், தட்டைச் சப்பாத்து போடுங்கள். பஸ் சீட்டைப் புகையிலைக் கடையில் வாங்குங்கள். அந்த ஊரில் உங்கள் ஆள் யாராவது இருந்தால், எவ்வளவு கோபம் என்றாலும், பள்ளிக்கூடம் ஹோட்டல் பதிவு செய்ய முன்னமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கோபத்தை அவர்கள் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டும் வைத்திருக்கலாம்.