இறக்கம் பார்த்து நிறுத்திய வேன்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு கடைக்குச் சரக்கு இறக்கப் போனேன். வாசலில் தாராளமாக இடம் இருந்தும், என் கை தானாகவே புது வேனைத் தெருமுனை இறக்கத்துக்குக் கொண்டுபோய், மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டது. கூட வந்த லோடுமேன், "ஏண்ணே, கடைக்கு எதுக்கவே எடம் கெடக்குல்ல?" என்றார். சிரித்து மழுப்பினேன். மச்சானை நினைத்துக்கொண்டேன்.

மச்சான் என் அக்காவைக் கட்டியவர். சிமெண்டு ஆலை வேலையை விட்டுவிட்டு, பல கை மாறி வந்த ஒரு டீசல் வேனை ஆசை ஆசையாக வாங்கினார். கிளீனராக நான் கூடவே போவேன். பெயின்ட் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி மினுங்கும். உள்ளே இன்ஜின் தேய்ந்து கம்ப்ரஷன் போயிருந்தது. செல்ஃப் மோட்டாரோ 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடும். கருப்புப் புகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இறக்கத்தில் உருட்டிவிட்டால்தான் கிளம்பும். அதனால் இறக்கம் இருந்தால் நிறுத்துவோம், இல்லையென்றால் இன்ஜினை அணைக்கவே மாட்டோம். வாடகைக்கு வீடு பார்த்தபோதுகூட மச்சான் தண்ணீர் வசதி கேட்கவில்லை, தெரு சரிவாக இருக்கிறதா என்றுதான் கேட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டது.

மலைப்பக்கம் ஓட்டுகிறவரை கவலை இல்லை. முதல் கல்யாண வாடகை வந்தது பாருங்கள், அது கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. ஜெயங்கொண்டத்தில் சமைத்து, அண்டா அண்டாவாக அங்கே கொண்டுபோக வேண்டும். அந்த வழியெல்லாம் தாம்பாளம் போலச் சமதரை. இதில் சொதப்பினால் அப்புறம் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்று மச்சான் முதல் நாளிலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தார்.

பாதி வழியில் இலைக்கட்டு வாங்க நானும் மச்சானும் இறங்கினோம். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி வந்தால் ஒரே அமைதி. முன்சீட்டில் இருந்த சமையல்காரர் சாவியை மச்சானிடம் பொறுப்பாக நீட்டினார்.

"சும்மா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சுங்க. டீசல் வீணாப் போவுதேன்னு நிறுத்திட்டேன்."

மச்சான் சாவியோடு ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின்னால் சாம்பார் மணக்கிறது. அங்கே தாலி கட்டி முடித்திருப்பார்கள், அடுத்தது பந்திதான்.

அப்போதுதான் டவுன் பஸ் வந்தது. குறுக்கே பாய்ந்து நிறுத்தினேன். "கல்யாணச் சாப்பாடு வண்டியிலதான் இருக்கு, தள்ளி விடுங்க," என்று கத்தினேன். பஸ்ஸில் பாதிப் பேர் அதே கல்யாணத்துக்குப் போகிறவர்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள், கண்டக்டரும் இறங்கினார். சாமந்திப்பூ வைத்த ஒரு அம்மா, "பொண்ணோட அப்பாவுக்குத் தலகுனிவு வந்துறக் கூடாது, நல்லாத் தள்ளுங்கய்யா," என்று எல்லாருக்கும் முன்னால் தோள் கொடுத்தார். மச்சான் இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டார். வேன் ஒரு குலுக்குக் குலுங்கி, தள்ளிய அத்தனை பட்டு வேட்டியிலும் புகையைக் கக்கிவிட்டு உறுமியது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கண்டக்டரைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

பந்தி தப்பியது. ஆனால் மண்டப வாசலில் மச்சான் வண்டியை விட்டு இறங்கவில்லை. சாப்பிடக் கூப்பிட வந்த பெண்ணின் அப்பாவிடம், "தள்ளிக் கெளப்புனதுலேர்ந்து, காலை எடுத்தாலே நின்னுரப் பாக்குதுங்க," என்றார். அவர் உள்ளே போய், இலையும் சோறுமாகத் திரும்பி வந்தார். மச்சான் ஆக்சிலேட்டரில் காலும் மடியில் இலையுமாக உட்கார்ந்திருக்க, அவரே ஜன்னல் வழியாகப் பாயசம்வரை பரிமாறினார். அப்படி ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை.

அந்த வேனைக் காயலான் கடைக்காரரும் தள்ளித்தான் கொண்டுபோனார். மச்சானும் போய்ச் சேர்ந்துவிட்டார். அகலமாகச் சாலை போட்டபோது எங்கள் தெருச் சரிவையும் நிரவிவிட்டார்கள். இப்போதும் சரக்கு ஏற்றிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் வழியாகப் போகிறேன். புது வண்டி எங்கும் மக்கர் செய்வதில்லை. ஓடி வந்து தோள் கொடுக்க யாரும் இறங்குவதுமில்லை.