பவானேஸ்வரியின் மஸ்ட்

கிளேபாங் கடற்கரையோரம் ஒரு ஹோட்டலில், காலைப் பசியாறலுக்குத் தோசை ஊற்றுகிறவர் பவானேஸ்வரி. அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, வேலை தேடி டவுனுக்கு வந்தவர். தோட்டத்து உபசாரம் அவர் ரத்தத்தில் ஊறியது. வீட்டுக்கு வந்தவர் ‘வேணாம்’ என்றால் அது வெட்கம். மறுபடியும் ‘வேணாம்’ என்றால் மரியாதை. அதற்குமேல் கேட்கவே கூடாது, தட்டில் வைத்துவிட வேண்டும்.

இதையே அவர் இங்கிலீஷிலும் செய்தார். தட்டை நகர்த்தும் வெள்ளைக்காரரிடம் “யூ மஸ்ட் ஈட்” என்பார். பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நழுவுகிறவரை “மஸ்ட் சிட்” என்று உட்கார வைப்பார். நல்ல மனுஷிதான், ஆனால் தோசைக் கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் பயம் வராது? ஒரு தம்பதி புகாரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள், சாப்பாட்டு அறையா ஜெயிலா என்று.

கோலாலம்பூரிலிருந்து புதிதாக வந்த மேனேஜர் யுகேந்திரன், அவரை இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பினான். மஸ்ட் என்பது கட்டளை, அது போலீஸ்காரருக்கு. ஷுட் புத்திமதி, டாக்டர் சொல்லலாம். மே போட்டால் அனுமதி கேட்பது, குட் போட்டால் பணிவாகக் கேட்பது. விருந்தாளியிடமோ “வுட் யூ லைக்” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, ‘நோ’ வந்தால் சிரித்த முகமாக விலக வேண்டும். பவானேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. சாப்பிடுகிறாயா என்று கேட்டுவிட்டு ஓடிப்போவதா, இதுவும் ஒரு மரியாதையா?

வேலையாச்சே, சொன்னபடி கேட்டார். வெள்ளைக்காரர்கள் ‘நோ தேங்க்யூ’ சொல்லி ரொட்டிப் பக்கம் போனார்கள். அது போகட்டும். கல்யாணத்துக்காகப் பினாங்கிலிருந்து வந்து தங்கிய நம் ஆட்களும், இப்போதுதான் காப்பி குடித்தோம், வேண்டாம் என்று கூச்சப்பட்டார்கள். பவானேஸ்வரி சிரித்த முகமாக விலகினார். பாவம், அவர்கள் தட்டைப் பிடித்தபடி அடுத்த கேள்விக்குக் காத்திருந்தார்கள். கடைசியில் அந்தக் கூட்டத்துப் பெரியம்மா ஒருவர் யுகேந்திரனைப் பிடித்து, இன்னொரு வாட்டி கேட்கத் தெரியாத பொம்பளையை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

மாவு புளித்துப் புளித்துக் கொட்டப்பட்டது. ஒரு காலையில் யுகேந்திரன் வந்தான். தோசைக்கு ஆளில்லை, இன்றோடு கல்லை எடுத்துவிடலாம், ஆண்டி பாத்திரம் கழுவப் போகட்டும் என்றான். இந்தக் கல்லின் முன் நிற்கும்போதுதான் பவானேஸ்வரி நிமிர்ந்து நிற்பார். அழுதுவிடக் கூடாதென்று கல்லில் தண்ணீர் தெளித்தார்.

அவன் கையில் வெறும் காப்பி, முகம் வாடிக் கிடந்தது.

“பசியாறிட்டீங்களா, சார்?”

“டயட் ஆண்டி. ஒன்னும் வேணாம்.”

வுட் யூ லைக் நாக்கு நுனிவரை வந்தது. போகிற வேலை போகட்டும் என்று அதை விழுங்கினார்.

“யூ மஸ்ட் சிட், தம்பி.”

ஜோகூரில் இருக்கும் அம்மாவைத் தவிர யாரும் அவனை இப்படி அதட்டியதில்லை. உட்கார்ந்தான். முதல் தோசை போன இடம் தெரியவில்லை. இரண்டாவதை வேண்டாம் என்றான், தின்றான். மூன்றாவதற்குத் தட்டைக் கையால் மூடினான். பவானேஸ்வரி கையை விலக்கிவிட்டு வைத்தார்.

அவன் நிமிரவே இல்லை.

“ஆண்டி,” என்றான் வாய் நிறைய, “நாளைக்குச் சட்னி கொஞ்சம் கூட அரைங்க லா.”