துவைகல்லின் அடிப்பக்கம்

ரோட்டோரத்தில் அந்தக் கல் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் தொல்பொருள் இலாகாவின் நீலப் போர்டு. யாராவது நின்று அதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வரும். போர்டில் ராஜா இருக்கிறார், ஏரி இருக்கிறது. எங்கள் அம்மா இல்லை.

கண்ணை மூடினால் அந்தச் சத்தம்தான் முதலில் வருகிறது. தொப், தொப். மைசூரில் பனி விலகாத காலைகளில் அரைத்தூக்கத்தில் கேட்டது. ரோட்டோரக் கிணற்றடியில் அம்மா துவைக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வெள்ளைப் புடவையில் பொட்டுக் கறை இருந்தாலும் மேட்ரனிடம் பாட்டு வாங்க வேண்டும். கல் ஆள் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும், வழுவழுவென்று, சோப்பு வாசனையோடு. வெயிலில் சூடான அதன்மேல் படுத்து நான் தூங்கியே போயிருக்கிறேன்.

சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷம். எனக்குப் பத்து வயது. ரோட்டை அகலப்படுத்த வந்தவர்கள் கடப்பாரை போட்டு அந்தக் கல்லைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் முழுக்க எழுத்து! உச்சியில் சூரியனும் சந்திரனும் வேறு. தெருவே கூடிவிட்டது. எங்கள் கல்லுக்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாம் நாள் இலாகாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நெற்றியில் நாமம், மேல்கோட்டைப் பக்கத்துத் தமிழ். ஈரக் காகிதத்தைக் கல்மேல் விரித்து, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக்குள் இறக்கி, மை ஒற்றினார். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் கண் சொக்கியது. "தமிழ்தான்" என்றார். அட, நம்ம ஆளு! ஏதோ ஒரு சின்ன ராஜா ஏரி வெட்டி, அதைப் பராமரிக்க நிலம் விட்ட கதை. அவர் உரக்க வாசிக்க, அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டாள்.

"இதைக் கெடுத்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். அவன் வம்சம் விளங்காது."

அம்மாவின் முகம் செத்துப்போனது. எனக்கு முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்று குழந்தைகளைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்தவள். "பன்னெண்டு வருஷமா இதுமேலதானே அடிச்சுத் துவைச்சேன்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். "நமக்கென்னம்மா, நாமதான் வேதக்காரங்களாச்சே" என்றேன். அவள் காதில் விழவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டையில போக, இந்த மனுஷனை யார் உரக்க வாசிக்கச் சொன்னது? அவர் காப்பிக்குப் போன நேரத்தில் பிரஷ்ஷை எடுத்து விறகுக்கு நடுவே சொருகிவிட்டேன். கடைசி இரண்டு வரியில் மண் இறுகிக் கிடந்தது. பிரஷ் இல்லாமல் ஆகாது. தேடிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

நாலு நாள் அம்மா கல் பக்கமே போகவில்லை. ஜெபம் சொல்லும்போது பாதியில் நின்றுவிடுவாள். சோறு போட்டுக்கொண்டே, "சின்னது மூச்சுக்குத் தவிச்ச அன்னிக்கும் காலையில துவைச்சேன்" என்றாள். வாசிக்காமல் நின்றுபோன அந்த இரண்டு வரி எனக்கு ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை அவரிடம் முதல் ஆளாக ஓடிப்போய்ப் பிரஷ்ஷை நீட்டினேன். "நீதானா? சரியான வாலு!" என்றார். அம்மா கல்லில் படாமல் கிணற்று மேடையில் உட்கார்ந்து, "சாமி, இதுக்குப் பரிகாரம் ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று கேட்டாள். அவள் துவைத்த கதையையும், போன குழந்தைகளையும் நான்தான் சொன்னேன். அவர் மண்ணைத் தேய்த்துக் கழுவி, விரல் வைத்து வாசித்துப் பார்த்தார்.

"கெடுத்தவாளுக்குத்தாம்மா சாபம். நீங்க எங்கே கெடுத்தேள்? நிமிர்ந்து நின்ன கல்லெல்லாம் மழையிலயும் வண்டி உரசியும் மொழுக்குனு போயிடுத்து. இது குப்புறக் கிடந்தது. நீங்க துவைச்சது முதுகிலே. ஓர் எழுத்து கெடலை. கடைசி வரியைக் கேளுங்கோ. 'இதைக் காத்தவர் பாதம் என் தலைமேல்.' ராஜா சொல்றார்."

"இன்னொரு தரம் வாசிங்க" என்றாள் அம்மா. வாசித்தார். மறுபடியும் கேட்டாள். நான் பிரஷ்ஷை ஒளிக்காமலிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாள். அந்த நாலு நாளுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம் தரம் வாசிக்கும்போது கேவிக் கேவி அழுதாள். சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போன தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு கூச்சம் வந்து, இரண்டையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.