வாசனையில்லாத தொட்டி கேக்

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் காய்ச்சல் காலத்தில்தான் என் மூக்கு போனது. காய்ச்சல் விட்டது, இருமல் விட்டது, வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. முதலில் காபியில் தெரிந்தது. வெந்நீரில் சர்க்கரை போட்டுக் குடிப்பதுபோல இருந்தது. பிறகு மல்லிகை, பிறகு மழை, பிறகு என் கணவரின் சட்டை. தேர்வாய் கண்டிகையில் ரப்பர் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர் அவர். வாசற்படி ஏறுவதற்கு முன்னால் அவருடைய சட்டை ஏறி வந்துவிடும். அதுவும் நின்றது. அவர் வந்ததே தெரியாமல் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட ஆரம்பித்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் குடியிருக்கிறோம். பொழுது சாயும்போது காற்று திசை மாறினால் தெரு முழுவதும் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கும். இரும்பு உருக்குகிற வாடை, இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒரு மருந்து வாடை. எங்கள் வீட்டு ஜன்னல் மட்டும் திறந்தே கிடக்கும். என் நாத்தனார்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வருவாள்.

"இன்னா அண்ணி, தெருவே மூக்க புட்சிக்கினு ஓடுது, நீ இன்னாடான்னா காத்து வாங்கிக்கினு கீற. இந்த ஊருக்குன்னே பொறந்த மூக்கு உன்னுது."

சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் போன பிறகு சோப்பை எடுத்து மூக்கில் வைத்து இழுத்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. சோப்பு ஒரு வழுவழுப்பு, அவ்வளவுதான்.

அவள் என் கணவரின் தங்கை. எத்தனை வயதானாலும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்யாணம் ஒத்துவராமல், ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் நாங்கள் இருவரும் பூனைகள் மாதிரி சுவரோரமாக நடந்தோம். எங்களைச் சேர்த்து வைத்தது கேக். அதிலும் பூந்தொட்டி கேக்.

மண் தொட்டியிலேயே மாவை ஊற்றிச் சுடுவது. காவி பூசாத புதுத் தொட்டியாக வாங்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, உள்ளே எண்ணெய் தடவி வெறுந்தொட்டியாக ஒருமுறை சூடேற்ற வேண்டும். அடியில் இருக்கும் ஓட்டையை பட்டர் பேப்பர் வட்டத்தால் அடைத்து, சூடேறாத ஓவனில் வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். சூடான ஓவனில் வைத்தால் தொட்டி விரிந்து பிளந்துவிடும். வெந்து ஆறியதும் மேலே சாக்லேட் பிஸ்கட்டைப் பொடித்துத் தூவினால் ஈரமண் மாதிரியே இருக்கும். அதன்மேல் கிரீமில் பூக்கள். வேறு ஊரில் ரோஜா கேட்பார்கள். இங்கே கனகாம்பரம் கேட்டார்கள், சாமந்தி கேட்டார்கள், புதுமனை புகுவிழாவுக்குத் துளசி கேட்டார்கள். ஒரு விசேஷத்தில் சம்பந்தி வீட்டுப் பெரியவர் பேசிக்கொண்டே வந்து, பீடியை அதில் குத்தி அணைத்துவிட்டுப் போனார். நாத்தனார் அதை அபிநயத்தோடு பல நாள் சொல்லிக் காட்டினாள்.

"பாராட்டு அண்ணி அது! பீடி சர்ட்டிபிகேட்டு!"

சுடுவது நான். பூ அவள். அவள் கையில் கிரீம் பை ஒரு குழந்தையைப்போல அடங்கிக் கிடக்கும். ஒரு அழுத்து, ஒரு திருப்பு, இதழ் விழும். என் மூக்கு போன பிறகு அவளே என் மூக்கும் ஆனாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டே குரல் கொடுப்பாள். "அண்ணி, ஓரம் கருகுது." "அண்ணி, இந்த முட்ட வேணாம், தூக்கிப் போடு." "அண்ணி, இப்ப எடு. இப்ப." அந்த "இப்ப"வுக்குத்தான் நான் காத்துக்கொண்டிருப்பேன். வெந்த கேக்கின் வாசனை எனக்கு அவள் குரலாகத்தான் வந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்புறம் அவளுக்குக் கர்ப்பப்பையில் வந்தது.

சென்ட்ரலுக்குப் போகும் மின்ரயிலில் கூட்டிப் போவோம், கூட்டி வருவோம். கீமோ ஏற ஏற ஒரு விஷயம் நடந்தது. எனக்கு வாசனை இல்லாமல் போனது போல, அவளுக்கு வாசனை தாங்க முடியாமல் போனது. ரயிலில் பூக்காரம்மா கூடையோடு ஏறினால் இவள் முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவாள். சாதம் வேகும் ஆவி, பால் பொங்கும் வாடை, விபூதி, பவுடர், எது வந்தாலும் குமட்டல். எல்லாவற்றையும்விட வெனிலா. வீட்டின் சுவரெல்லாம் வெனிலா ஊறிக் கிடக்கிறது என்றாள். எனக்கு அது தெரியவில்லை. சுவர் சுவராகத்தான் இருந்தது.

ஓவனை மாடியில் இருக்கும் ஷீட் கொட்டகைக்குத் தூக்கினோம். காற்று வாசனையைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தது. ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னால நிறுத்திட்டியா?" என்றாள்.

"வெயிலுக்கு கிரீம் நிக்க மாட்டேங்குது. ஆடிக்கப்புறம் பாத்துக்கலாம்."

"அண்ணி, பொய் சொல்ல வரல உனக்கு. வாசன வராத மாதிரியே அதுவும் வரல."

அவள் சாப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உடம்பு இப்படி இறங்கினால் அடுத்த ஊசி போட முடியாது. எதையாவது சாப்பிடட்டும், எதுவானாலும் சரி, உள்ளே போய் நிற்க வேண்டும். ரயிலில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் தூங்கினாள். நான் ஜன்னலுக்கு வெளியே உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டே எதெதற்கு வாசனை இல்லை என்று மனசுக்குள் தேடிக்கொண்டு வந்தேன். மூக்கில்லாதவள் தேடிக் கண்டுபிடிக்கக் கூடியதா அது? எனக்கு எதற்குமே வாசனை இல்லை. இட்லிக்கு உண்டா? ஜவ்வரிசிக்கு? அவளிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். தட்டைத் தள்ளாமல் கண்ணை மட்டும் மூடிக்கொள்வாள். நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

அவளுடைய பிறந்தநாள் வந்தது. காலையில் அவளே கூப்பிட்டாள்.

"அண்ணி, எனக்கு ஒரு தொட்டி கேக்கு சுடேன்."

"விளையாடறியா?"

"நெஜமாதான். வாசன இல்லாத கேக்கு. நாலு வாயி துன்றேன். சத்தியமா."

அந்தச் சத்தியத்தைக் கேட்டதும் எனக்கு மாடிப்படி தெரியவில்லை, கால் தெரியவில்லை. முட்டை வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பால் வேண்டாம், வெனிலா பாட்டிலைக் கொட்டகையிலிருந்தே அப்புறப்படுத்தினேன். மைதா, சர்க்கரை, கடலை எண்ணெய்கூட வேண்டாமென்று சூரியகாந்தி எண்ணெய், தண்ணீர், சோடா உப்பு, அதைக் கிளப்பிவிட இரண்டு சொட்டு எலுமிச்சை. மேலே மண்ணுக்குக் கோகோ வேண்டாம் என்று கேழ்வரகு மாவைப் பிசிறி ஆவியில் வைத்து உதிர்த்தேன். பூவுக்கு ஐஸிங் சர்க்கரையைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்தேன். ஒவ்வொன்றையும் மூக்கருகில் கொண்டுபோனேன், பழக்கதோஷம். ஒன்றுமில்லை என்றது மூக்கு. அது எல்லாவற்றுக்கும் அப்படித்தான் சொல்லும்.

தொட்டிகள் கொட்டகை மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவளுக்கு நோய் தெரிவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் திருவள்ளூர் ரோட்டோரக் கடையிலிருந்து வாங்கி வந்து, அப்படியே கிடந்தவை. உள்ளே எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தன. அவரே ஊறவைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறார், நமக்கு வேலை மிச்சம் என்று நினைத்து, அளவான ஒன்றை எடுத்து மாவை ஊற்றினேன்.

வெந்து ஆறியதும் மேலே மண் தூவிக் கீழே எடுத்து வந்தேன். பூ எனக்கு வராது. அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முன்னாலேயே சாமந்தி போட்டேன்.

"இது சாமந்தியா அண்ணி? கோழி சண்ட போட்ட மாதிரி கீது."

"வாய மூடினு பாரு."

"திருப்பு, திருப்பு. கையத் திருப்பாத, தொட்டியத் திருப்பு. ஆங். இப்ப உடு."

நான் ஒரு சாமந்தி போட்டேன். ஒரு பக்கம் சாய்ந்த, வெயிலில் நின்று களைத்த சாமந்தி. அவள் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முகத்தில் எலும்புகள் மட்டும்தான் இருந்தன அப்போது, ஆனாலும் சிரிப்புக்கு எங்கிருந்தோ சதை வந்தது.

கரண்டியால் எடுத்து நீட்டினேன். வாங்கி, வாய்க்குக் கொண்டுபோவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். தொண்டை ஏறி இறங்கியது.

"இன்னா, வாசன வருதா?"

"ஒண்ணும் இல்ல அண்ணி. தண்ணி மாதிரி கீது."

சாப்பிட்டாள். மெதுவாக, மென்று, விழுங்கி. மறுபடி வாங்கினாள். மறுபடியும். சொன்ன சத்தியத்துக்கு மேலேயே சாப்பிட்டாள். எனக்கு அழுகை வந்து சமையலறைக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் குளியலறையில் இருந்தாள். உள்ளே குழாய் முழுவதுமாகத் திறந்து ஓடிக்கொண்டிருந்தது. கை கழுவுகிறாள் என்று நினைத்தேன். நெடுநேரம் கழுவினாள். வெளியே வந்து, முகம் ஈரமாக, நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருந்துச்சி" என்றாள்.

அந்த நேரத்தில்தான் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

"இன்னாமே, இன்னிக்கு மீன்கொழம்பா?"

"மீனா? பாப்பாவுக்கு கேக்கு சுட்டேன்யா."

அவர் வந்து குனிந்து தொட்டியை மோந்தார். ஒரு விரலில் கிள்ளி வாயில் போட்டார். அவர் முகம் எப்படி மாறியது என்பதை என்னால் எழுத முடியும், ஆனால் வேண்டாம்.

"எந்தத் தொட்டில சுட்ட? நான் பழக்கி வெச்சதுலயா?"

அவர்கள் வீட்டில் புது மண்சட்டி வாங்கினால் அரிசி கழுவின தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம் எண்ணெய் ஊற்றி, வெங்காயமும் பூண்டும் தேங்காயும் போட்டுக் கருக வதக்கிக் கொட்டிவிடுவார்கள். அப்படிப் பழக்கினால்தான் சட்டி விரியாது, மீன்குழம்பு ஏறும். ஞாயிற்றுக்கிழமை மீன் அவர் கைப்பாகம். சட்டி பழக்குவதும் அவர்தான். என் தொட்டிகள் அடிக்கடி விரிவதைப் பார்த்து, எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று எல்லாத் தொட்டியையும் அடுப்பில் வைத்து அதே மாதிரி வதக்கிக் கழுவிக் கவிழ்த்திருக்கிறார். அவருக்குச் சட்டி வேறு, தொட்டி வேறு இல்லை. வெங்காயமும் பூண்டும் சுட்ட மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கின்றன. ஓவன் சூட்டில் எல்லாம் கேக்குக்குள் வந்துவிட்டது. வீடு முழுக்க மணந்திருக்கிறது. நான் ஒருத்திதான் அதற்கு நடுவில் நின்று சாமந்தி போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லல?" என்றேன் அவளிடம். "வெங்காய வாடைன்னா உனக்கு உசுரே போய்டுமே. ஏன் துன்ன?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். "வாய மூடிக்கினு வர மாட்டியா நீ? வரும்போதே மோப்பம் புட்சிக்கினு வரணுமா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "விடு அண்ணி. சாமந்திக்கு வெங்காயத் தாளிப்பு. எவளுக்குக் கெடைக்கும்?"

என் கணவர் சிரிக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டார். எனக்கு அப்போதுதான் குழாய் அவ்வளவு நேரம் ஓடியது ஞாபகத்துக்கு வந்தது. சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்று திறந்திருக்கிறாள். வாசனைதான் எனக்குத் தெரியாது, காது இருக்கிறதே என்று அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது.

உள்ளே எதுவும் நிற்கவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், ஊசியைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது போட்டதுதான். டாக்டர் அம்மா வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதன்பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. நான் நீட்டுகிற கஞ்சித்தண்ணியை ஒரு மிடறு குடிப்பாள். ஒவ்வொரு முறையும், "நல்லா கீது அண்ணி" என்பாள். நான் அவள் தொண்டையைப் பார்ப்பேன். சில வீடுகளில் பொய்யைச் சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள். நாங்கள் ஒருவர் பொய்யை ஒருவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டோம்.

மழை தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது போனாள்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அவள் படுத்திருந்த அறையை ஒழிக்கப் போனேன். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, சாம்பிராணி போடு, ரூம்ல இன்னும் அந்த வாடை அப்படியே நிக்குது என்றார். சரி என்றேன். எனக்கு அந்த அறை அவள் போன நிமிஷமே காலியாகிவிட்டிருந்தது. கட்டில், கொடி, ஜன்னல். ஒரு அறைக்குள் ஒரு ஆள் இன்னும் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை.

கதவோரம் என் கணவர் நின்றிருந்தார். கையில் அவள் கடைசியாகப் போர்த்திக்கொண்டிருந்த பழைய நூல்சேலை. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டு நீட்டினார். நான் வாங்கி முகத்தில் வைத்து, நெஞ்சு வலிக்கும் வரை இழுத்தேன். நூல். மெத்தென்ற, ஈரமான நூல்.

"எப்பிடி கீதுன்னு சொல்லுயா," என்றேன்.

அவர் சேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷர், ஆனால் வார்த்தை வராதவர். மோந்தார், யோசித்தார்.

"மருந்து வாட. தேங்கா எண்ண. அப்பால..."

காத்திருந்தேன். தெருவில் யாரோ ஜன்னல் சாத்தினார்கள்.

"அப்பால பாப்பா," என்றார்.