திண்டுக்கல் வரைக்கும் பெண் பார்த்தார்கள்

ரயிலில் ஜன்னலோர இடம் என்றால் மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். எனக்கு யாராவது அதை விட்டுக்கொடுத்தால் எரிச்சல்தான் வரும். ஜன்னல் வழியாகக் காற்று மட்டும் வருவதில்லை. முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்னென்னவற்றை வெளியே விடுகிறானோ அத்தனையும் வரும். இதை நான் தெரிந்துகொண்டது எழுபதுகளின் கடைசியில், மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே. அன்று என்னைப் பெண் பார்த்தார்கள். ஓடுகிற ரயிலில் வைத்துப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மதுரையிலிருந்து சென்னைக்குப் பகலிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் அதிவேக வண்டி ஒன்றை விட்டிருந்தார்கள். அதுவரை ராத்திரி முழுக்க உட்கார்ந்து இடுப்பொடிய வேண்டிய தூரம். இந்த வண்டியில் காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் எழும்பூர். ஊருக்கே அதில் தலைகால் புரியாத பெருமை. எங்கள் வீடு சமயநல்லூரில், தண்டவாளத்திலிருந்து ஒரு வயல் தள்ளி இருந்தது. வண்டி கடக்கிற நேரத்துக்கு ரயில்வே கேட் பக்கம் ஆட்கள் கூடி நின்று வாயைப் பிளந்து பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பெருமை வரவில்லை. பழைய பாசஞ்சர் கக்கூசிலிருந்து தண்டவாளத்தோடு விட்டுப்போனதை, இந்த வண்டி எங்கள் வரப்பு வரைக்கும் தெளித்துவிட்டுப் போனது. வேகம் என்றால் இதுதானா என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கொடியில் கிடந்த துணிகளை எடுத்துவிட்டு உள்ளே போவேன்.

ஆனால் அந்த வண்டி போய்ச் சேருகிற ஊரின்மேல் எனக்கு ஆசை இருந்தது. பி.ஏ. முடித்து, டைப்பும் பாஸ் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்குப் போகிறேன் என்றால் சமயநல்லூரில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்களாம், அப்பா அனுப்பவில்லை. மெட்ராஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, பெண்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் மெட்ராஸ் மாப்பிள்ளை என்று ஒரு போட்டோ வந்ததும், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சரி என்றேன். அதற்கு முன்னால் வந்த இடங்களுக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தவள் இதற்கு மட்டும் சட்டென்று சரி சொன்னதை அம்மா கவனித்தாள்.

மாப்பிள்ளை வீட்டாரும் நம் பக்கத்து விவசாயக் குடும்பம்தான். ஒரு தலைமுறைக்கு முன்னால் நிலத்தை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனவர்கள். ஒரு கல்யாணத்துக்காக மதுரைக்கு வந்திருந்தார்கள். மறுநாள் காலை புது வண்டியில் கிளம்புகிறார்கள், சமயநல்லூர் வரைக்கும் வந்துபோக நேரமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, இதற்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார். நாமும் அதே பெட்டியில் திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுத்துக்கொள்வது, வண்டியிலேயே பெண்ணைக் காட்டிவிடுவது, திண்டுக்கல்லில் இறங்கி பஸ் பிடித்துத் திரும்பிவிடுவது. இப்படி ஒரு யோசனை தனக்குத் தோன்றியதில் அவருக்கு அம்புட்டுச் சந்தோஷம். காலம் மாறிவிட்டது, இனிமேல் எல்லாம் ஸ்பீடுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஏழெட்டு மைல் வந்துபோக மனமில்லாதவர்கள் வீட்டில் நான் எப்படிப் பிழைப்பேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டைத் தாண்டிப் போகப்போகிற வண்டியைப் பிடிக்க, விடியற்காலையில் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். அப்பா, அம்மா, மாமா, நான். பஜ்ஜியையும் கேசரியையும் அம்மா டிபன் கேரியரில் வைத்து எடுத்து வந்தாள். கேரியர் அடுக்கு சரியாக மூடாமல், பஸ் குலுங்கியதில் எண்ணெய் கசிந்து என் பட்டுச் சேலையின் முன்கொசுவத்தில் ஒரு திட்டு விழுந்தது. நாள் முழுக்க என்மேலேயே பஜ்ஜி வாசம். இத்தனைக்கும் தலையில் இரண்டு முழம் மல்லிகை.

வண்டி புதுசு. அதற்குள் சீட்டுக்கு அடியில் கடலைத் தோலும் வாழைப்பழத் தோலும் குவிந்து கிடந்தன. மாப்பிள்ளையும் அவன் அப்பா அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். எதிரெதிரே இருக்கிற இரண்டு பெஞ்சுகளில், இன்ஜினுக்கு முதுகு காட்டும் பெஞ்சை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்காற்று பட்டால் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தலை கலைந்துபோகுமாம். அதனால் காற்று முகத்தில் அடிக்கிற பெஞ்சு எங்களுக்கு வந்தது. அவர்கள் பக்கம் ஜன்னலோரம் மாப்பிள்ளை, எங்கள் பக்கம் ஜன்னலோரம் அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில் நான், எனக்கு அந்தப்பக்கம் அப்பா. மாமா நடைபாதையில் நின்றுகொண்டு இரண்டு வீட்டுக்கும் நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பேங்க்கில் வேலை. போட்டோவில் இருந்த டை இல்லை, மற்றபடி அதே முகம். வண்டி கூடல் நகரைத் தாண்டுவதற்குள் சட்டைப் பையிலிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்து, விரித்து, பல்லைக் குத்த ஆரம்பித்தான். குத்தி எடுத்ததைப் பின்னின் முனையில் வைத்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தான்.

சமயநல்லூர் வந்தது. அப்பா ஆர்வமாகக் கையை நீட்டி, அதோ எங்கள் வீடு என்று சொல்லி முடிப்பதற்குள் வீடு போய் வயலும் போய்விட்டது. அந்த அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கேசரியை வழித்துக்கொண்டிருந்தார். நெய்க் கையை எங்கே துடைக்கலாம் என்று தேடியவர், திடீரென்று என்னைக் குனியச் சொல்லி, என் பின்னலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். சவுரியா சொந்த முடியா என்று பார்த்தாராம். சொந்த முடிதான் என்பது உறுதியானது. அவருடைய கையும் சுத்தமானது.

அடுத்து நடை. பெண் கொஞ்சம் நடந்து காட்டட்டுமே என்றார். மாமா உடனே ஒரு கூஜாவை என் கையில் கொடுத்து, பெட்டிக் கடைசி வரை போய்த் தண்ணீர் பிடித்துவரச் சொன்னார். மீட்டர்கேஜ் தண்டவாளத்தில் அந்த வேகத்தில் ஓடுகிற வண்டி எப்படி ஆடும் என்று போனவர்களுக்குத் தெரியும். முறத்தில் போட்டுப் புடைக்கிற மாதிரி இருக்கும். நடைபாதையில் நீட்டிய கால்கள், மூட்டைகள், ஒரு குழந்தை வாந்தியெடுத்து அதன்மேல் பேப்பர் போட்டு மூடிய இடம். சேலையைத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இந்தப்பக்கம் ஒருவர் தோளிலும் அந்தப்பக்கம் ஒருவர் தலையிலும் விழுந்து எழுந்து போனேன். வாஷ்பேசினில் யாரோ சளியைத் துப்பிவிட்டுத் தண்ணீர்கூட ஊற்றாமல் போயிருந்தார்கள். வெறும் கூஜாவோடு திரும்பினேன்.

உட்கார்ந்ததும் அந்த அம்மா மாமாவிடம் குரலைத் தாழ்த்தி, காலில் ஏதும் குறை உண்டா, ஒரு பக்கமாகச் சாய்கிறதே என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார். வண்டியின் ஆட்டம் என்று மாமா பதறிப்போய் விளக்கினார். அந்த அம்மா நம்பாமல் தலையை ஆட்டினார். அவருடைய தலையும் வண்டியோடு சேர்ந்துதான் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா பேச்சை மாற்ற வெற்றிலையை எடுத்தார். சோழவந்தான் வெற்றிலை, முந்தின நாளே போய்க் கொடிக்காலில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். அப்போது வண்டியும் சோழவந்தானைத்தான் கடந்துகொண்டிருந்தது. எங்க ஊர் இலை, மெட்ராஸில் இப்படிக் கிடைக்காது என்று மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை நான்கைந்து இலையை ஒன்றாக மடித்து, பாக்கு, சுண்ணாம்பு, அதோடு தன் பையிலிருந்து புகையிலையும் சேர்த்து வாயில் அடக்கினான். கன்னம் உப்பியது. உதட்டோரம் சிவப்பாக ஒரு கோடு வழிந்தது, அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு என்னிடம் சினிமா பார்ப்பதுண்டா என்று கேட்டான். அவன் கேட்டது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வாயில் அவ்வளவு சாறு.

நம் ஆட்கள் அதுவரை போனதெல்லாம் ஊர்ந்து போகிற வண்டி. அதில் ஜன்னலுக்கு வெளியே துப்பினால் அது கீழே விழும். இந்த வண்டியில் விழாது. அடுத்த ஜன்னலுக்குள் வரும். இது பேங்க்கில் கணக்குப் பார்க்கிறவனுக்குத் தெரியவில்லை. கொடைரோட்டைத் தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது, கம்பிக்கு வெளியே வாயை நீட்டி, அத்தனையையும் துப்பினான்.

அத்தனையும் அம்மா முகத்தில் அடித்தது. நெற்றி, கண், மூக்குத்தி, கழுத்து, ஒதுக்கி வைத்துக் கட்டிக்கொண்டு வந்த அந்த ஒரே நல்ல சேலை, எல்லாம் சிவப்பு. ஒரு பாக்குத் துண்டு அவளுடைய இமையில் ஒட்டியிருந்தது. என் கன்னத்திலும் இரண்டு சொட்டு பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்காது.

அம்மா ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்ல தம்பி, காத்துத்தானே" என்றாள்.

அவன் சாரி என்றான். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் தெரியாமல் செய்வதுதான். ஆனால் அவன் வாயில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. தலையை அண்ணாந்து, சாறு சிந்தாமல் உதட்டைக் குவித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னான்:

"அந்த ஷட்டரை இறக்கிவிட்டுக்கோங்க."

அம்மா எழுந்து ஷட்டரை இறக்கினாள். அது துருப்பிடித்தது போல் சிக்கிக்கொண்டது, இரண்டு கையாலும் தொங்கி இழுத்து இறக்கினாள். யாரும் உதவிக்கு எழவில்லை. நானும் எழவில்லை. அம்மா இறக்கி முடித்ததும் அவன் நிம்மதியாக வெளியே துப்பினான். மூடிய ஷட்டரில் சடசடவென்று அடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அதன் பிறகு திண்டுக்கல் வரைக்கும் எத்தனை முறை துப்பினானோ, அத்தனை முறையும் அந்தச் சத்தம். அந்த அம்மா மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவன் அப்பா தூங்கிவிட்டார்.

திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிந்ததும் நாங்கள் எழுந்தோம். வண்டி அங்கே அதிக நேரம் நிற்காது. நாங்கள் இறங்கி ஜன்னல் பக்கம் வந்ததும் அந்த அம்மா கம்பி வழியே குனிந்து, நிறம் ஒரு மாற்றுக் குறைவுதான், நடையும் அப்படி இப்படித்தான், ஆனாலும் பையனுக்குப் பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேசலாம் என்று மாமாவிடம் சொன்னார். மாமா கும்பிட்டார். அப்பாவும் கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டாள், சிவப்புக் கறை படிந்த கையோடு.

நான் சொன்னேன், "எனக்கு வேண்டாங்க."

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த அம்மா சரியாகக் காதில் விழாதது போல மாமாவைப் பார்த்தார். மாப்பிள்ளை முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் குழப்பம்தான் இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டான். என்ன ஆயிற்று என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை. எனக்கு மிச்சமிருந்த ஆசையும் அந்தக் கேள்வியோடு போய்விட்டது. வண்டி நகர்ந்தது. வெளிப்பக்கம் முழுக்க, அவர்கள் ஜன்னலிலிருந்து பின்னால் வரைக்கும், சிவப்பாக வழிந்து காய்ந்திருந்தது.

மாமா பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் கத்தினார். படித்த திமிர், இனி உனக்கு எவன் வருவான், என் மூஞ்சியில் கரியைப் பூசிவிட்டாய் என்றார். பூசப்பட்ட முகம் பக்கத்தில் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வழி விசாரிக்கப் போனார். அம்மா சிரித்ததை நினைத்துப் பயந்தேன். அவள் அத்தனையும் தாங்கிக்கொண்டு முடித்து வைத்ததை நான் ஒரு சொல்லில் உடைத்துவிட்டேன். ஷட்டரை இழுத்த அந்தக் கைகளைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அவள்மேலேயேகூட அருவருப்பாக இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எச்சிலைத் துடைத்துவிட்டு ஒரு மனுஷி எப்படிச் சிரிப்பாள்?

அம்மா பிளாட்பாரத்துக் குழாய்க்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி முகத்தில் அடித்து அடித்துக் கழுவினாள். மூக்குத்தியின் இடுக்கில் விரலை விட்டுத் தேய்த்தாள். காறிக் காறித் துப்பினாள். தோல் சிவந்துபோன பிறகும் நிறுத்தவில்லை. போதும்மா என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடிதான் விழப்போகிறது என்று நின்றேன்.

"நீ மெட்ராஸ் போகணும்னு அம்புட்டு ஆசையா இருந்தியேன்னுதான்டி சிரிச்சேன். இல்லன்னா அங்கனயே அவன் மூஞ்சில திருப்பித் துப்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தாள்.