தரையில் விழாத சாம்பல்

பல்லடம் சாலையில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் கூம்பில் சுற்றிய ஒற்றை நூல்கோனைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். முறிந்த எலும்பைப் பிடித்து வைத்திருந்து, அது கூடியதும் உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் பிளாஸ்டிக் நூல் அது. எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தை நானோ பொடியாக அதில் கலந்திருந்தோம். சின்ன வலையாகப் பின்ன வேண்டும். ஊசியில் அறுந்தால் வேறு கோன் கிடையாது.

மெஷின் ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். புருவமெல்லாம் பஞ்சு. எந்தப் புது நூல் வந்தாலும், அது என்ன நூலென்று கண்டுபிடிக்க, நுனியை வாசலுக்குக் கொண்டுபோய்த் தீக்குச்சியில் கொளுத்தி, மோந்து பார்த்து, சாம்பலைத் தரையில் தட்டிவிடுவது அவர் வழக்கம். நான் தடுப்பதற்குள் என் நூலையும் கொளுத்திவிட்டார். எரிந்து ஆறியதை உள்ளங்கையில் நசுக்கினார். வெள்ளையாகக் கொஞ்சம் பொடி மிஞ்சியது.

"ஏனுங்க அம்மிணி, பிளாஸ்டிக்குன்னா இப்படி மிஞ்சாதுங்களே?"

"அது எலும்புச் சத்துங்க. தீயில போகாது."

தட்டப்போன கை நின்றது. ஒரு தாளைக் கிழித்து, பொடியை அதில் மடித்து என்னிடம் தந்தார்.

"லேப்ல செஞ்சதுதானுங்க. யாரோட எலும்பும் இல்லீங்க" என்றேன்.

"நாளைக்கு ஒருத்தருக்கு எலும்பாகப் போறதுதானுங்களே" என்றவர், மெஷினை மெதுவாக ஓட்டினார். நூல் அறுபடவேயில்லை. அவர் பெயரைக் கேட்காமலே திரும்பிவிட்டேன்.

இப்போது எனக்கென்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. நூலில் எலும்புச் சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அறிய, உலையில் எரித்து எடை பார்த்த சாம்பலைக் குப்பைத் தொட்டியில்தான் போடுகிறோம். போடும் முன் என் கை ஒரு கணம் நிற்கிறது.