லால் பாஷா வழித்த கசடு

லால் பாஷாவைப் போல ஒரு சுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. கிருஷ்ணகிரி அணையில் முதன்முதலாகத் தண்ணீர் தேங்கிய மறுவருடம், வலை வீசுகிறவர்களுக்கு வலை அமிழ்வதற்கான ஈயக்குண்டு செய்து கொடுக்க ஆரம்பித்தான். லாரிக்காரர்கள் கழித்துப் போடும் பேட்டரிகளின் தட்டுகளை வாங்கிவந்து, வீட்டு வாசலில் இரும்புச் சட்டியில் உருக்குவான். ஒரு துண்டு மெழுகு போட்டுக் கிளறினால் அழுக்கெல்லாம் மேலே திரளும். ஓட்டைக் கரண்டியால் அதை வழித்துக்கொண்டே இருப்பான். கசடு தங்கிய குண்டு, வலைக்கயிற்றைச் சுற்றி மடித்து இறுக்கும்போது மடியாமல் உடைந்துபோகும். ஈயம் பளபளவென்று வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

வழித்த கசடு சாம்பல் மாதிரியே இருந்தது. எங்கள் தெருவில் சாம்பலை யாரும் வீணாக்க மாட்டோம். எல்லா வீட்டு அடுப்புச் சாம்பலும் வெங்கடம்மாளின் குப்பைமேட்டுக்குப் போகும். அவள் அதைக் கேழ்வரகுக் கொல்லைக்கு எருவாக அடிப்பாள். லால் பாஷாவும் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டினான். நல்ல மனசோடு கொட்டினான், அதுதான் வயிற்றெரிச்சல்.

வெங்கடம்மாள் தனிக்கட்டை. குந்தாரப்பள்ளிச் சந்தையில் பிடித்த ஒற்றைப் பசுவின் பாலில்தான் அவள் காலம் ஓடியது. அந்தப் பசு திடீரென்று தீனி எடுக்காமல் பல்லை நறநறவென்று கடித்தது. கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது. மாட்டு வைத்தியர் கரியப்பன் மருந்து புகட்டினார், சூடு போட்டார், கடைசியில் திருஷ்டி என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்.

பார்க்க வந்த லால் பாஷா, மாட்டின் மூக்கில் ஒட்டியிருந்த தூளைத் தொட்டுப் பார்த்தான்.

“குப்பைமேட்டுப் பக்கம் போச்சாக்கா?”

“எப்பவும் அங்கதான் நிக்கும் பாய். நீ கொட்டுற சாம்பல உப்பு மாதிரி நக்கிக்கினே இருக்கும்.”

அவன் தூள் ஒட்டிய விரலைப் பார்த்தான்.

“அது சாம்பல் இல்லக்கா, ஈயத்து அழுக்கு. நான்தான் உன் மாட்ட…”

“போ பாய். அழுக்க நக்கி மாடு சாவுமா? எல்லாம் என் தலையெழுத்து.”

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவன் சொன்னதை நம்பாத அவள்மேல் எனக்கே கோபம் வந்தது. மறுநாள் பசு செத்துப்போயிற்று.

லால் பாஷா குப்பைமேட்டைக் கிளறி, கசடை வெறுங்கையால் பொறுக்கிக் கூடையில் அள்ளினான். ஏரிக்கரைக்குத் தூக்கிப்போனான். அங்கே எருமைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ரோட்டோரம் ஆடுகள் மேய்ந்தன. புதைக்கலாமென்றால் எங்கள் ஊரில் முழம் தோண்டினால் பாறை. எங்கே போனாலும் நக்க ஒரு வாய் இருந்தது. பொழுது சாய, கூடையோடு வீட்டுக்கே திரும்பி, அடுப்பங்கரை மூலையில் இறக்கினான்.

அவன் மனைவி ஃபகருன்னிசா பதறிப்போனாள். “புள்ள இப்பத்தான் தவழுது. இத வூட்டுக்குள்ள வெச்சா எப்படி?”

“வேற எங்க வெக்கிறது? நீயே சொல்லு.”

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூடையைப் பார்த்தாள். அவளுக்கும் ஓர் இடம் தோன்றவில்லை.